கன்னோசியில் நாங்கள் கலந்த வாசனை

(கூட்டமைப்பின் சித்திரை மாதக் கூட்டத்தில், காசி யாத்திரை போய்வந்த ஒன்பது உறுப்பினர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



மாசி மாதக் கூட்டத்தில் "சென்ட் தயாரிப்புத் தொழிலுக்கு மூன்று லட்சம் ரூபாய் பொருளாதாரக் கடன் கேட்பது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். அன்றைக்கு முதலில் கை தூக்கியவர்கள் நாங்கள்தான். இன்றைக்கு அந்தக் கையை இறக்க வந்திருக்கிறோம். ஏன் இறக்குகிறோம் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. அதனால் எழுதியே கொண்டு வந்துவிட்டோம். பேச ஆரம்பித்தால் நாங்கள் எங்கெங்கோ போய்விடுவோம், உங்களுக்குத் தெரியாததா?

மாதம் இருநூறு ரூபாய் தனியாகச் சேர்த்து, மூன்று வருஷம் கழித்து பங்குனிக் கடைசியில் காசிக்குப் போனோம். நமக்கெல்லாம் விடுமுறை, சுற்றுலா என்றால் அது யாத்திரைதானே. கங்கையில் குளித்தோம், விசுவநாதரைப் பார்த்தோம், ஆளுக்கொரு செம்புச் சொம்பு வாங்கினோம். அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இன்று சொல்ல வந்தது திரும்பும் வழியில் போன கன்னோசியைப் பற்றி.

கன்னோசி என்றால் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வரும். ஹர்ஷரின் தலைநகரம். இன்றைக்கு அது உத்தரப்பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர். கான்பூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்த ஊருக்கு நாங்கள் போனதற்குக் காரணம், எங்கள் தெருவில் லைன் வீட்டில் குடியிருக்கும் வடநாட்டுத் தம்பி. ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிறவர். "சென்ட் தொழில் பண்ணப் போறோம் தம்பி" என்று பெருமையாகச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "அக்கா, எங்க ஊர்ல அதுதான் தொழில். ஒரு தடவை பாத்துட்டு வந்து ஆரம்பிங்க" என்றார். அவருடைய மாமா ஒருவர் அத்தர் காய்ச்சும் இடத்தில் வேலை செய்கிறாராம். போன் போட்டு ஏற்பாடு செய்தார். அங்கே எங்களுக்கு இந்தி தெரியாமல் திண்டாடியபோது இங்கிருந்தே போனில் மொழிபெயர்த்ததும் அவர்தான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் பேசினார், பாவம்.

அங்கே நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். காலையில் அத்தர் எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று பார்த்தோம். மதியம், ஆளுக்கு அறுநூறு ரூபாய் கட்டி, எங்களுக்கு வேண்டிய வாசனையை நாங்களே கலந்து எடுத்துக்கொள்ளும் பயிற்சியில் உட்கார்ந்தோம். சுற்றுலா வருகிறவர்களுக்காகவே அப்படி நடத்துகிறார்கள்.

காய்ச்சும் இடத்தைப் பார்த்ததும் எங்களில் ஒருவர், "அடியே, இது சாராயம் காய்ச்சுற மாதிரில்ல இருக்கு!" என்றார். கிட்டத்தட்ட அதே வேலைதான். மண் அடுப்பின் மேல் பெரிய செம்புக் கொப்பரை. அதை 'டேக்' என்கிறார்கள். அதில் தண்ணீரும் பூவும் போட்டு, மூடியைச் சுற்றிப் பஞ்சும் களிமண்ணும் பிசைந்து அடைத்துவிடுகிறார்கள். விறகும் எருமுட்டையும்தான் எரிபொருள். கொப்பரையிலிருந்து ஒரு மூங்கில் குழாய் கிளம்பி, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் நீண்ட கழுத்துச் செம்புப் பானைக்குள் போகிறது. அந்தப் பானைக்குப் பெயர் 'பப்கா'. அதற்குள் முதலிலேயே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். பூவின் ஆவி போய்க் குளிர்ந்து, வாசனை சந்தன எண்ணெயில் இறங்கிவிடும். மிஞ்சிய தண்ணீரை வடித்து மறுபடி கொப்பரையிலேயே ஊற்றி, புதுப் பூ போட்டு மறுபடி காய்ச்சுவார்கள். எண்ணெய் இனி வாசனை பிடிக்காது என்கிற வரைக்கும் நாள்கணக்கில் இந்த வேலை நடக்கும்.

சூடு பார்க்க மீட்டர் எதுவும் கிடையாது. அந்த மாமா பப்காவின் மேல் கையை வைத்துப் பார்த்தே நெருப்பைக் கூட்டுகிறார், குறைக்கிறார். நாம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. சின்ன வயசிலிருந்தே இதே வேலையாம்.

ரோஜாப்பூவை விடியலுக்கு முன்னால் பறித்து, வெயில் ஏறுவதற்குள் கொப்பரையில் போட்டாக வேண்டும். வெறும் ரோஜா எண்ணெயாக ஒரு கிலோ எடுக்க, ஏறக்குறைய நாலாயிரம் கிலோ பூ வேண்டும். பூ கட்டி விற்கிற சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். நாலாயிரம் கிலோ என்றால் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல சந்தன எண்ணெயோ கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் இப்போது பலர் சந்தன எண்ணெய்க்குப் பதிலாகத் திரவ பாரஃபின் போன்ற மலிவு எண்ணெயில் வாசனையை இறக்குகிறார்கள். அதையும் மறைக்காமல் சொன்னார்கள். அசல் வேண்டுமா, மலிவு வேண்டுமா என்று கேட்டுத்தான் விற்கிறார்களாம். கன்னோசி அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை மல்லிக்கும் இருக்கிறதே, அதே குறியீடு.

மல்லி என்றதும் ஞாபகம் வருகிறது. "எங்க ஊர்ல மல்லி நிறைய இருக்கு, அதை இப்படிக் காய்ச்சலாமா?" என்று கேட்டோம். அங்கே மல்லியையும் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். ஆனால் சூடு பட்டால் மல்லி வாசனை மாறிவிடும். அதனால் சென்ட் கம்பெனிகள் கேட்கிற மல்லிச் சாரத்தைப் பெரிய ஆலைகளில் ரசாயனக் கரைப்பான் ஊற்றித்தான் பிரிக்கிறார்கள். அந்த ஆலைகள் நம் தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூர், சத்தியமங்கலம் பக்கம் இருக்கின்றன. நம் ஊர் மல்லிகைச் சாரம் வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது. நம் மாதிரிக் குழுக்கள் வீட்டில் செய்கிற வேலை அது இல்லை.

இப்போது மண் அத்தருக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

சூளையில் சுட்ட மண் ஓடுகளையும் உடைந்த மண்பாண்டங்களையும் கொப்பரையில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். பூ கிடையாது, இலை கிடையாது, வெறும் சுட்ட மண். வெளியே வருவது முதல் மழையில் மண் நனைகிற வாசம்! கோடையில்தான் இதைக் காய்ச்சுவார்கள். நாங்கள் போனபோது அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். 1964-ல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மழை வாசத்துக்கு 'பெட்ரிக்கோர்' என்று பெயர் வைத்தார்கள். காய்ந்த மண்ணிலும் கல்லிலும் படிந்திருக்கிற ஒருவித எண்ணெய்தான் மழை பட்டதும் மணக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டுரையிலேயே, இந்தியாவில் இதை முன்னமே சந்தன எண்ணெயில் பிடித்து விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் பெயர் வைக்கும் முன்னாலேயே இந்த ஊர்க்காரர்கள் சீசாவில் அடைத்துவிட்டார்கள்.

மதியப் பயிற்சியில் ஒரு நீள மேஜை. சின்னச் சின்ன சீசாக்களில் ரோஜா, தாழம்பூ, மல்லி, வெட்டிவேர், சந்தனம், மண், அப்புறம் பல மசாலாவும் வேரும் சேர்த்த 'ஷமாமா' என்ற ஒன்று. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி அதில் தொட்டு முகரக் கொடுத்தார்கள். மூன்று, நாலு வாசனைக்கு மேல் மூக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. அப்போது நம் முழங்கைச் சேலையை முகர்ந்து மூக்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். முதலில் குப்பென்று ஏறி ஓடிப்போகிற வாசனை, நடுவில் நிற்கிற பூ வாசனை, கடைசி வரை தங்குகிற அடி வாசனை என்று மூன்று தட்டு இருக்கிறதாம். ரசப்பொடியில் மிளகு, மல்லி, துவரம்பருப்பு மாதிரி என்று வைத்துக்கொண்டோம். அடி வாசனையை முதலில் விட்டு, மற்றதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சொட்டையும் நோட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நன்றாக வந்தாலும் மறுபடி அதைச் செய்ய முடியாது. கணக்கு நோட்டு எழுதிப் பழகிய கை நமக்கு. அந்த ஒரு விஷயத்தில் எங்களைப் பாராட்டினார்கள்.

எங்களில் மூத்தவர், எழுபது வயது ஆயா. பேர் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். ரோஜா வேண்டாம், தாழம்பூ வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். மண் சீசாவை முகர்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம மண்ணு இல்ல இது. நம்மளுது இன்னும் கொஞ்சம் கவுச்சியா இருக்கும், ஏரிக்கரை மண்ணுல்ல" என்றார். ஆயாவின் அறுபது சென்ட் நிலம் இருந்த இடத்தில் இப்போது கம்பெனி மதில்சுவர் நிற்கிறது. அந்த நிலத்து வாசம் வேண்டும் என்கிறார்! போனில் தம்பி அதை மொழிபெயர்க்கச் சிரமப்பட்டார். பயிற்சி கொடுத்தவர் சிரிக்கவில்லை. மண்ணோடு ஒரு சொட்டு வெட்டிவேர் விட்டார். ஆயா தலையாட்டவில்லை. இன்னொரு சொட்டு. அப்புறம் ஷமாமாவில் குச்சி நுனி மட்டும் தொட்டார். மற்ற எட்டுப் பேரும் முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆயாவுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில், "நாத்து நட்டுட்டு கரையேறுறப்போ இப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்த அஞ்சு மில்லி சீசாவில் இருந்த எண்ணெயின் விலை அறுநூறு ரூபாய் இருக்காது. அது எங்களுக்கே தெரியும். ஆனால் ஒருத்தரும் அதிகம் என்று சொல்லவில்லை. உட்கார வைத்து, முகரவிட்டு, 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டதற்குத்தான் அந்தக் காசு. பிரான்சில் கிராஸ் என்ற ஊரும் இதே மாதிரி சென்ட்டுக்குப் பேர்போனது. கலிமார், மொலினார், ஃபிராகொனார் என்ற பழைய கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. கலிமார் 1747-ல் தொடங்கியது. சுற்றுலா வருகிறவர்கள் அங்கேயும் படிப்படியாக அடுக்கிய சீசாக்களின் முன் உட்கார்ந்து தங்களுக்கான சென்ட்டைக் கலக்கிறார்கள். கலந்த அளவை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கேட்டால் அதே சென்ட்டைச் செய்து அனுப்புகிறார்கள். அங்கேயும் நோட்டுதான்.

இனி எங்கள் தவறைச் சொல்கிறோம்.

ஊர் திரும்பியதும் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் பயிற்சியிலேயே எல்லாம் கற்றுக்கொண்டதாக நினைப்பு. எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைக் கடையில் வாங்கி, சந்தனத்தோடு நாங்களே கலந்தோம். அளவு பார்க்கவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. எங்களில் ஒருவரின் மகள் போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கே சுத்த அறைக்குள் பவுடர், சென்ட் எதுவும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆசையாக எடுத்துக் கழுத்தில் பூசிக்கொண்டு, பகல் வெயிலில் கோயிலுக்குப் போய்வந்தாள். மறுநாள் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளம். டாக்டர் பார்த்தவுடன் கேட்டது, "எலுமிச்சை ஏதாவது பூசினாயா?" என்றுதான். பிழிந்த எலுமிச்சை எண்ணெய் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்துவிடுமாம். கொப்புளம் ஆறிவிட்டது. கறுப்புத் தழும்பு மறைய மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். நாங்கள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறோம்.

எந்தப் புது எண்ணெயாக இருந்தாலும் தேங்காய் எண்ணெயில் நன்றாகக் குறைத்து, முழங்கை உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாள் பார்த்த பிறகுதான் பூச வேண்டும். இதைக் கன்னோசியிலேயே சொன்னார்கள். நாங்கள் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நமக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வந்தவரின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்தோம். அவர் சொன்னது என்ன? எசன்ஸ், ஸ்பிரிட், சீசா எல்லாம் சேர்ந்த கிட் வாங்கிக் கலந்து அடைத்தால் போதும், செய்த சென்ட் முழுவதையும் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றார். ஒரு சீசாவுக்கு அடக்கம் முப்பது ரூபாய், விலை நூற்றைம்பது என்றார். திரும்ப வாங்குவதற்கு எழுத்தில் ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு சீசாவில் நூற்றிருபது ரூபாய் லாபம் என்றால், அவரே ஆள் வைத்து அடைத்து விற்கலாமே! நம்மைத் தேடி ஏன் வருகிறார்? மாசியில் இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லை.

சட்டமும் இருக்கிறது சகோதரிகளே. உடம்பில் பூசுகிற பொருளை விற்பனைக்குத் தயாரிக்க, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் அழகுசாதனப் பொருள் உரிமம் வாங்க வேண்டும். சென்ட், நலங்கு மாவு எல்லாம் அதில் அடங்கும். 'வீட்டில்தானே செய்கிறோம்' என்பது செல்லாது. சென்ட்டுக்கான ஆல்கஹாலை வாங்கி வைத்துக்கொள்ள மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேறு வேண்டும்.

அந்த ஸ்பிரிட்தான் எங்களுக்குப் பெரிய பயம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் நம் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். எல்லாம் மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சரக்கு. அது பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனையும் சாதாரண ஸ்பிரிட் மாதிரியே இருக்கும். எவ்வளவு பழகிய மூக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. கேனில் மலிவாக வருகிற ஸ்பிரிட்டில் என்ன இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தருவது? வீட்டில் குடிக்கிற ஆள் இருந்தால் அந்தக் கேனை எங்கே ஒளித்து வைப்பது? இதை யோசித்துப் பார்த்ததும் எங்களில் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது: மாசி மாதத் தீர்மானத்தை இன்று ரத்து செய்யுங்கள். கடன் மனு இன்னும் வங்கிக்குப் போகவில்லை, முன்பணமும் கொடுக்கவில்லை. அந்த மட்டும் தப்பித்தோம்.

அதற்குப் பதில் ஒன்று சொல்கிறோம், பிடித்தால் செய்யலாம். உடம்பில் பூசாத வாசனைக்கு இந்தத் தொல்லை இல்லை. வெட்டிவேர், காய்ந்த மரிக்கொழுந்து, கிச்சிலிக் கிழங்கு, பூலாங்கிழங்கு, மகிழம்பூ எல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சாமான்கள். வெட்டிவேர் கடலூர் மாவட்டத்திலேயே பயிராகிறது. இவற்றைத் துணி முடிச்சில் கட்டினால் பீரோவுக்கும் பெட்டிக்கும் ஆகும். நாமே கட்டி விற்பதோடு நிற்காமல், கன்னோசிக்காரர்கள் மாதிரி செய்யலாம் என்பது எங்கள் எண்ணம். ஒரகடம், வல்லம் பக்கம் ஹாஸ்டல்களில் எத்தனை பெண் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டமைப்புக் கட்டடத்தில் சாமான்களைத் தட்டில் பரப்பி, அவர்களை உட்கார வைத்து, முகரவிட்டு, அவரவருக்குப் பிடித்ததை அவரவரே கலந்து கட்டிக்கொண்டு போகச் சொல்வோம். அளவை நோட்டில் அவர்கள் பெயரில் எழுதி வைப்போம். முதல் மூன்று மாதத்துக்கு எங்கள் ஒன்பது பேரின் சேமிப்பிலிருந்தே சாமான் வாங்குகிறோம். கூட்டமைப்புப் பணம் வேண்டாம். வரவு செலவை மாதக் கூட்டத்தில் வைப்போம். நஷ்டம் வந்தால் நிறுத்திவிடுவோம்.

முறையாகக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். கன்னோசியில் மத்திய அரசின் நறுமண, சுவைப் பொருள் மேம்பாட்டு மையம் 1991-லிருந்து நடக்கிறது. எண்ணெய் வடித்தல், ஊதுபத்தி, சென்ட் என்று குறுகிய காலப் பயிற்சிகள் கொடுக்கிறார்கள். எதிர்காலத்தில் உரிமம் வாங்கிச் செய்வதென்றால், படித்த இரண்டு பெண்களை அங்கே அனுப்பிவிட்டுப் பிறகு பேசலாம்.

ஆயாவுக்கு முழங்கால் வலி, இன்று வரவில்லை. அவருடைய சீசாவைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இப்போது உங்களிடம் சுற்றிவிடுகிறோம். மூடியை மட்டும் முகர்ந்துவிட்டு உடனே மூடிவிடுங்கள், திறந்து வைத்தால் வாசனை போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். தீர்ந்துபோனால் மறுபடி கலக்க, அவருடைய அளவு எங்கள் நோட்டில் இருக்கிறது.